இருமலுக்குத் தனி ரேட்டு

"இருமுறதுக்குத் தனி ரேட்டுங்க தலைவரே. சும்மா கட்டில்ல சாஞ்சிகினு மூஞ்சத் தொங்கப் போடுறதுன்னா அது வேற."

ஊராட்சித் தலைவர் சகாதேவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். உப்பு வியாபாரத்தில் லாரிக்காரனையும் தரகனையும் பேசியே சாய்த்தவர், இன்று உப்பளத்தில் கூலி வேலை செய்யும் செல்லம்மாளிடம் திணறினார்.

"ஏம்மா, இருமலுக்குமா காசு? அது வெறும் காத்துதானே?"

"காத்துல காயுற உப்புக்கு நீங்க காசு வாங்கலியா?"

சகாதேவன் இருமல் ரேட்டுக்கும் தலையாட்டினார். அவருடைய அவசரம் அப்படி.

கொரோனா மீட்பு நிதி என்று டெல்லியிலிருந்து ஊராட்சிக்குப் பணம் வந்திருந்தது. நோயிலிருந்து எழுந்தவர்கள் உடம்பு தேற, அதில் பத்துக் கட்டிலோடு ஒரு நலவாழ்வு மையம் கட்டினார். கட்டடத்தைவிட அவர் பெயர் பொறித்த கல்வெட்டுதான் தூரத்திலிருந்து நன்றாகத் தெரியும். திறப்பு விழாவுக்குள் ஊரே தேறிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கட்டில்களில் சகாதேவனின் உப்பு மூட்டைகள்தான் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.

இப்போது, நாளைக்கே ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். எந்த ஊர் மையத்தில் கட்டில் நிறைந்திருக்கிறதோ, அந்த ஊருக்குத்தான் இரண்டாம் தவணை. தவறினால் பக்கத்து ஊருக்குப் போய்விடும். அங்கே தலைவர் ராஜவேல், சகாதேவனின் சொந்த மச்சான். பணம் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பொங்கலுக்கு மாமியார் வீட்டில் அவன் மீசை முறுக்குவதை யார் தாங்குவது? அதனால்தான் செல்லம்மாளையும் அவள் செட்டில் இருக்கும் ஒன்பது பேரையும் நோயாளியாகப் படுக்கக் கூலி பேசிக்கொண்டிருந்தார்.

"உப்பளத்துல நெழலுக்கு ஒரு கொட்டா போடுங்கன்னு கேட்டோம். நீங்க கட்டில் வாங்கி மூட்டையப் படுக்க வெச்சீங்க" என்றாள் செல்லம்மாள்.

"ரெண்டாம் தவணை வரட்டும்மா, கொட்டா என்ன, ஃபேனே போட்டுடலாம். நாளைக்குக் காலையிலேயே வந்துடுங்க, ஒத்திகை பாத்துடுவோம்."

"காலையில ஆவாது. மத்தியானத்துக்கு மேலதான். எங்க செட்டு எப்பவுமே அரை நாள் கணக்கு, தெரியாதா?"

அது சகாதேவனுக்கும் தெரியும். உப்பு வாருகிற நாளிலும் விடிகாலையில் ஒருவர் பாத்தி, வெயில் தாழ்ந்ததும் இன்னொருவர் பாத்தி என்றுதான் அவள் பேசி முடிப்பாள். இப்போது மழையில் உப்பளமே ஏரியாகக் கிடந்தது. பாத்தியே இல்லாதபோதும் வழக்கத்தை விடமாட்டேன் என்கிறாள். நல்லவேளை, அதிகாரி வருவதும் மத்தியானம்தான்.

"சரி, மத்தியானமே வா. கஞ்சி குடுத்துடறேன்."

"கஞ்சி குடிக்கிற நோயாளிய வேற எங்கனா பாருங்க."

மரக்காணம் கடைத்தெரு பிரியாணி என்று முடிவாயிற்று.

"ஆட்டோ காசு?"

"அது மட்டும் முடியாது!" கடைசியில் ஒரு இடத்திலாவது ஜெயித்த நிம்மதியோடு எழுந்தார் சகாதேவன்.

மறுநாள் பத்துப் பேரும் லோடு ஆட்டோவில் வந்து குதித்தார்கள். பிரியாணியை முடித்துவிட்டு, மூட்டை இறக்கிய கட்டில்களில் சொல்லாமலே ஆளுக்கொன்றாக ஏறினார்கள். செல்லம்மாள் சுற்றிலும் பார்த்தாள்.

"ட்ரிப்ஸ் எங்க?"

"அதெல்லாம் வேற வேணுமா?"

"நல்லா நடத்துறீங்க ஆஸ்பத்திரி!" பையிலிருந்து அவளே ஒரு பாட்டிலையும் குழாயையும் பிளாஸ்திரியையும் எடுத்தாள்.

"உள்ள என்னம்மா?"

"உப்புத்தண்ணி. ஆஸ்பத்திரில காசு குடுத்து வாங்குறாங்க. நம்மூர்ல வாய்க்கால்லயே ஓடுது."

குழாயை இடது கையில் ஒட்டிக்கொண்டாள். வலது கையில் பிளாஸ்திரியை உரித்த சிவப்பு இருந்தது.

"அது என்ன?"

"ஒட்டிப் பாத்தேன்."

என்ன தொழில் பக்தி என்று சகாதேவன் நெகிழ்ந்துபோனார்.

ஜீப் சத்தம் கேட்டது. அதிகாரி சத்யப்ரியா உள்ளே காலை வைத்ததும் பத்து இருமலும் ஒன்றாகக் கிளம்பின. சத்யப்ரியா அப்படியே நின்றுவிட்டார்.

"சாப்டீங்களா மேடம்?" என்றாள் செல்லம்மாள், கட்டிலில் சாய்ந்தபடியே.

"ம்... சாப்பிட்டேம்மா."

அடேயப்பா, என்ன தைரியம் இவளுக்கு என்று சகாதேவன் வியந்தார்.

சத்யப்ரியா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசிக் கட்டிலில் இருந்த பஞ்சநாதனிடம் நின்றார். "உங்களுக்கு என்ன செய்யுது?"

"மூச்சு வாங்குது மேடம்" என்றான் அவன், முழங்காலைப் பிடித்தபடி.

"முட்டியிலயா?"

"நடந்தா வாங்குதுங்க. நடக்கறது முட்டிதானுங்களே."

சத்யப்ரியாவின் உதடு துடித்தது. அழுதுவிடுவார் போலிருந்தது. இரண்டாம் தவணை பையில் விழும் சத்தமே சகாதேவனுக்குக் கேட்டது. இதைவிட நல்ல சமயம் வராது.

"எல்லாம் எங்க ஊரு ஜனம் மேடம். ஒரு மாசமா இந்தக் கட்டில விட்டு எறங்கினதே இல்ல."

"இன்னிக்குக் காலையிலகூடவா?"

"இன்னிக்குக் காலையில பொரண்டுகூடப் படுக்கல மேடம்!"

சத்யப்ரியா பேனாவை மூடினார். "அப்ப காலையில ராஜவேல் ஊரு மையத்துல இதே பத்துப் பேரு என்னைப் பாத்து இருமினாங்களே, எப்படி? இந்தம்மாவுக்கு அங்க வலது கையில ட்ரிப்ஸ் ஏறிட்டிருந்துது. ரெண்டு ஊருக்கும் இனிமே ஒரு பைசா கிடையாது."

சகாதேவனுக்கு இருமல் வந்தது. கூலி பேசாத, நிஜமான இருமல்.

செல்லம்மாள் பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு நிதானமாக எழுந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு எந்த ஊருங்க மேடம்? உங்க ஜீப்புலயே ஏத்திகினு போயிட்டீங்கன்னா, எங்களுக்கு ஆட்டோ காசு மிச்சம்."