பருமன் பார்த்துக் கொடுத்த மாத்திரை

"பாதம் ரெண்டும் நெருப்பா எரியுதுய்யா. நாளைக்கு மலையேறி ஏலக்காய் எடுக்கப் போகணும். டாக்டரு பி வைட்டமின் போடச் சொன்னாரு. வெலை கம்மியானதாக் குடுங்க" என்றாள் ஜக்கம்மாள், மருந்துக்கடைப் பலகையில் கையூன்றி.

தவசி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரு மாத்திரையைப் பிதுக்கி முகர்ந்தார்.

"நாத்தம் அடிக்குது. வேணாம்."

அடுத்ததை விரலில் உருட்டினார்.

"பொடிசு. இதுல என்ன சத்து இருக்கும்?"

கடைசியாகப் பெருவிரல் பருமனில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுதான் முதல் தரம்! பி வைட்டமின்னு போட்டிருக்கு, வெலையும் கம்மி. வெரசா முழுங்கு ஆத்தா, நரம்பு சொன்ன பேச்சு கேக்கும்."

ஜக்கம்மாள் அதை இரண்டாக உடைத்து வாயருகே கொண்டுபோனபோது, தொப்பியோடு ஓடிவந்த தௌஹீத் அலறினான்.

"ஆத்தா, கீழ போடு! அது பசுமாட்டுக்குக் குடுக்கிறது! தவசியண்ணே, ஜும்மா தொழுதுட்டு வர்ற வரைக்கும் என் கடையில சும்மா உக்காந்திருங்கன்னுதானே சொன்னேன்? உங்க கடையில ஏலக்காயைத் தரம் பிரிக்கிற மாதிரியா மருந்தைப் பிரிப்பீங்க?"

ஜக்கம்மாள் இரண்டு துண்டையும் பலகையில் வீசினாள். தவசி மெல்லத் தன் முழங்காலைத் தடவினார்.

"தௌஹீத்து... போன வெள்ளிக்கிழமை என் கால் வலிக்கும் இதைத்தான்ப்பா எடுத்துட்டுப் போனேன். தெனம் ஒண்ணு முழுங்குறேனே!"