ஈறு வீக்கமும் இல்லறமும்

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தபடியே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் உலகத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பை வெளியிட்டார்: "என் மனைவிக்கு இப்பதான் என்மேல காதலே வந்திருக்கு டாக்டர்!"

பக்கத்தில் நின்ற மனைவி, அவருடைய சர்க்கரை மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் நீட்டினாள்.

"ஒரு வருஷமா, நான் பல் தேய்க்கிறப்போ பக்கத்துலயே நிக்கிறா. தூங்குறப்போ, கிட்னி மாத்தின இடத்துல கை வச்சுப் பார்க்கிறா."

"நல்லதுதான் சார். ஈறு புண்ணானா சர்க்கரை ஏறும். ரெண்டும் சேர்ந்தா அந்தக் கிட்னிக்கே ஆபத்து."

மனைவி பதறினாள். "எல்லாப் பல்லையும் பிடுங்கிடுங்க டாக்டர். அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

"அடிப்பாவி, எல்லாத்தையுமா?" என்று அலறினார் தலைமையாசிரியர்.

டாக்டர் சிரித்தார். "கிட்னி நீங்க கொடுத்ததாம்மா?"

"எங்க பையன் கொடுத்தது. போன வருஷம் லாரியில அடிபட்டுப் போயிட்டான். அவனோடதுன்னு உயிரோட இருக்கிறது அது ஒண்ணுதான்."

தலைமையாசிரியர் டாக்டர் பக்கம் திரும்பி வாயை அகலத் திறந்தார்.