கன்னி மூலை பீரோ

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் செழியன் பார்ப்பதற்காக, கூடத்துக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரையும் மயில் புடவை டிசைனை மேகலா படுக்கையறை டிவிக்கு வயரில்லாமல் அனுப்பினாள். மயில் வந்தது, ஆனால் கலங்கிய தண்ணீருக்குள் நிற்பது போல வந்தது.

"கட்டமே தெரியல மேகலா. சரிபார்க்க வேற ஆளைப் பாரு."

கல்யாணமான நாளிலிருந்து அவன் பார்க்காமல் அவளுடைய எந்த டிசைனும் தறிக்குப் போனதில்லை.

"டிவிதானே சரியில்ல. ஆளை எதுக்கு மாத்தணும்?"

ரெசல்யூஷனைக் கூட்டினாள். ரௌட்டரை இடம் மாற்றினாள். மயில் தெளியவில்லை. அறை வாசலில் நின்று யோசித்தபோதுதான், ரௌட்டருக்கும் டிவிக்கும் குறுக்கே சிக்னலை மறித்து நின்ற இரும்பு பீரோ கண்ணில் பட்டது.

"கன்னி மூலையிலேர்ந்து அதை நகர்த்தக் கூடாது. லட்சுமி தங்க மாட்டா," என்றார் மாமியார்.

"உங்க பிள்ளை கண்ணுக்கு முன்னால நிக்குதே அத்தை."

மாமியார் மகனைப் பார்த்தார். அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவர் முந்தானையை இடுப்பில் செருகினார்.

"அந்தப் பக்கம் நீ பிடி. தரையில கோடு விழுந்தா நீதான் துடைக்கணும்."

இருவரும் மூச்சு வாங்கத் தள்ளினார்கள். பீரோ மறுசுவருக்குப் போனதும் திரையில் மயில் தெளிந்தது. ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகத் தெரிந்தது.

செழியன் மெல்லத் தலையைத் திருப்பினான். வெகுநேரம் பார்த்தான்.

"கழுத்துல ஒரு கட்டம் விட்டிருக்க. கண்ணை எங்க வச்சிருந்த?"

மேகலா கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் தலைக்குப் பக்கத்தில் தன் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"எங்க, காட்டுங்க," என்றாள்.