வாசலில் விழுந்த அறை

"உங்க மகனைப் பத்திப் பேச வந்திருக்கேன்" என்றார் உளவுத்துறை அதிகாரி.

"எனக்கு மகனே இல்லைன்னு ஏழு வருஷத்துக்கு முன்னாடியே தெருவறிய சொல்லிட்டேன்" என்றார் பள்ளி வேன் ஓட்டுநர்.

"அப்ப அவன் சேர்ந்த தீவிரவாதக் கூட்டத்துல பன்னிரண்டு பேர்தான். இப்ப நாலாயிரம். நேத்து எல்லாத் தலைகளையும் வளைச்சுப் பிடிச்சுட்டோம். துப்புக் கொடுத்ததே உங்க மகன்தான், ஐயா. அவன் எங்க ஆள்."

ஓட்டுநர் ஆச்சரியப்படவில்லை. "உயிரோட இருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

"வெளியில கார்ல இருக்கான். உள்ளே வரப் பயப்படறான். தலைவனோட இங்க வந்தன்னிக்கு வாசல்லயே அறைஞ்சு விரட்டினீங்களாமே. அந்த அறையைப் பார்த்துத்தான் தலைவன் அவனை முழுசா நம்பினான்."

"அதுக்குத்தான் அறைஞ்சேன்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"பொய் சொன்னா அவன் காதைத் தடவுவான் சார், சின்ன வயசுலேர்ந்தே. அன்னிக்குத் தலைவனைப் புகழ்ந்து பேசறான், கை காதை விட்டு இறங்கல. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்தாள் அவன் பக்கம் திரும்பினான். கை காதுல இருக்க ஒரு காரணம் வேணுமே, விட்டேன் ஒரு அறை."

துறையில் அவனுக்கு எட்டு மாதம் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் கண்ணிலும் அந்தக் காது படவில்லை.

"வீட்டுல அவன் அம்மாகிட்டகூட சொல்லலையா?"

"சொல்லியிருந்தா அவ நிம்மதியா தூங்கியிருப்பா. அந்த முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடிச்சிருக்கும்."

ஓட்டுநர் எழுந்து சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"இங்க வா. நம்ம பையன் வந்திருக்கான்."