வெள்ளைக்கரு மட்டும்

பால்கனியில் குக்கர் ஆறாவது முறை கூவியது.

உருளைக்கிழங்குக்கு அவள் வைக்கும் கணக்கை முட்டைக்கும் வைத்திருந்தார் அவள் கணவர். திறந்தால், ஓடு ஒரு பக்கம், உள்ளே இருந்தது ஒரு பக்கம்.

"ஏளா, இது இப்பிடித்தான் இருக்குமோ?"

அவளுக்கும் தெரியாது. இரண்டு பேருமே சுத்த சைவம். அந்த வீட்டுக்குள் முட்டை வந்ததே இல்லை. இப்போதும் அடுப்படிக்குள் வரவில்லை, பால்கனியோடு சரி.

எல்லாம் டாக்டரம்மா செய்த வேலை.

அவளுடைய சினைப்பையில் தொடங்கிய புற்று வயிறெங்கும் பரவியிருந்தது. மருந்து ஏற்றிச் சுருக்கியாயிற்று. இனி அறுவைசிகிச்சை.

"வயசு நம்ம கையில இல்லம்மா. எங்கெங்க ஒட்டிக்கிட்டு இருக்குங்கிறதும் இல்ல. உடம்புல புரதம் ஏத்துறது மட்டும் உங்க கையில. அது ஏறாம நான் கத்தியத் தொட மாட்டேன். தினம் முட்டை சாப்பிடுங்க. வெள்ளைக்கரு மட்டும்."

இத்தனை பெரிய நோயில் தன் பங்குக்கு வந்தது ஒரு முட்டைதானா?

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது.

மூக்கைப் பிடித்தபடி, முருகனிடம் மன்னிப்புக் கேட்டு விழுங்கினாள். முருகன் ஒன்றும் சொல்லவில்லை.

நாள் போகப்போக அவருக்குக் கை பழகிவிட்டது. ஓட்டை உரித்து, வெள்ளையை மட்டும் பிய்த்து, மிளகுத்தூள் தூவி, தட்டில் வைத்து நீட்டுவார்.

"மஞ்சளை என்ன செஞ்சீங்க?"

"நாய்க்குப் போட்டுட்டேன்."

அவர்கள் இருப்பது நான்காவது மாடி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் மூன்று கோடாகத் திருநீறு. நரைத்த மீசையின் ஓரத்தில் பொட்டு மஞ்சள்.

எந்த நாய் என்று அவள் கேட்கவில்லை.

அவளுக்கு நோய் என்று தெரிந்த நாள் முதல் ஒரு வாய்ச் சோறு ஒழுங்காக இறங்காத மனிதர். தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். அந்த ஆள்தான் இப்போது விடியும் முன்பே பால்கனிக் கதவைத் திறக்கிறார்.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன். புரதம் ஏறிவிட்டது. வியாழக்கிழமை காலை ஆபரேஷன்.

போனை வைத்த கையோடு அவர் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு மெல்லப் பால்கனிப் பக்கம் திரும்பினார்.

"அப்போ... இனிமே முட்டை வேண்டாமோ?"

வியாழக்கிழமைக்கு அப்புறம் என்ன என்பதைப் பற்றி டாக்டரம்மா எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவளும் இதுவரை நினைக்கத் துணிந்ததில்லை.

"யாரு சொன்னா? தையல் ஆறணும்லா. டாக்டரம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க" என்றாள். "ஒண்ணு ரெண்டா வாங்காதீங்க. ஒரு அட்டையா வாங்கிப் போடுங்க."

"அட்டைன்னா முப்பதுல்லா இருக்கும்?"

"இருக்கட்டும்."



அவர் சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு, லிஃப்ட்டுக்குக் கூடக் காத்திராமல், படியில் இறங்கி ஓடினார்.