எட்டு பத்துக்கு எடுத்த செல்ஃபி

"வீடு மாறி வந்துட்டீங்க போல. யார் வேணும்?"

தம்புசாமி தொப்பியைக் கழற்றினார். மொட்டைத் தலை பளபளத்தது. மீசையும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டின் கதவை முழுதாகத் திறந்துவிட்டுச் சிரித்தாள் தங்கை சந்திரகலா.

"அய்யோ அண்ணே, நீயா? எப்ப முடி எறக்குன?"

"நேத்து, பத்துமலைல. மக பரீட்சைக்கு வேண்டிக்கிட்டது. சிரிக்காத லா, என் பொழப்பே போச்சு."

"உக்காரு. பேசு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தாள். யாருக்கென்று தெரியாமல், வீட்டிலிருந்தே படங்களைச் சரிபார்க்கும் வேலை. ஒரு படத்துக்கு இரண்டு விநாடி, ஒரு கிளிக். கை நின்றால் சூப்பர்வைசரிடமிருந்து மெசேஜ் வந்துவிடும்.

தம்புசாமி கைப்பேசியை நீட்டினார். கிள்ளானில் ஆப் வழியாக டாக்சி ஓட்டுபவர். தினமும் வண்டி எடுக்கும் முன் செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டும். இன்று காலை அனுப்பியதும் பதில் வந்திருந்தது: 'உங்கள் கணக்கில் வேறு ஆள் ஓட்டுகிறார். எங்கள் ஏ.ஐ. முடிவு செய்தது. கணக்கு முடக்கப்பட்டது.'

"மெஷினுக்கு என் மேல என்ன காண்டு? இது மனுஷன் வேல. அழகிரிதான் போட்டுக் குடுத்திருக்கான்."

"ஏர்போர்ட்ல உன்கூட நிப்பாரே, அவரா?"

"அவனேதான். போன வாரம் ஒரு பேசெஞ்சருக்காக சண்ட. நேத்து என் மொட்டைய பாத்து இளிச்சான். இன்னிக்கு கணக்கு க்ளோஸ். வேற யாரு?"

"நெசமா தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன? டிரைவர் குரூப்ல போடப் போறேன். நூத்தி எண்பது பேரு. இனிமே ஒருத்தன் அவன்கூட டீ குடிக்க மாட்டான், பாரு."

மைக் பட்டனை அழுத்திப் பேச ஆரம்பித்தார். "பாஸ், எல்லாரும் கேளுங்க. நம்ம அழகிரி செஞ்ச துரோகத்த..."

சந்திரகலாவின் கிளிக் சத்தம் நின்றது.

"அண்ணே, அந்த செல்ஃபி எத்தன மணிக்கு எடுத்த?"

"எட்டு பத்து. கார்லயே. ஏன்?"

அவள் காலையில் முடித்த படங்களைத் திறந்து மேலே மேலே தள்ளினாள். லேப்டாப் 'டிங்' என்றது. சூப்பர்வைசர். அவள் பார்க்கவில்லை.

எட்டு பதினொன்றில் நிறுத்தினாள். இடப்பக்கம் தபால்தலை அளவில், அடர்ந்த மீசையோடு ஒரு முகம். வலப்பக்கம் ஒரு மொட்டை. பேர் இல்லை, வண்டி நம்பர் இல்லை. கீழே சிவப்பில், 'வேறு ஆள்'.

தம்புசாமி பேசி முடித்திருந்தார். விரல் அனுப்பும் பட்டனுக்கு வந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அனுப்பாதண்ணே, 'வேறு ஆள்'னு அமுக்குனது நான்தான். ரெண்டே செகண்டு, நீயா இருந்தா எத அமுக்கியிருப்ப?"