எலி தின்ற விலாசம்

எதிரிச் சிப்பாய்கள் ஓவியக்கூடத்தைச் சூறையாடி, படங்களைப் பெட்டிகளில் அடைத்துச் சரக்கு ரயிலில் ஏற்றினார்கள். ஒரு பெட்டியின் வைக்கோலுக்குள் கிழட்டு எலி ஒன்றும் சேர்ந்து போனது.

"என் வாலைத் தின்றவன் நீதானே?" என்றது படத்திலிருந்த கிளி.

"நான்தான்." அந்த வெட்கம் எலிக்குப் பல வருஷமாகவே உண்டு.

"அப்படியானால் என்னை வீட்டுக்கு அனுப்பு. இந்த வண்டி எதிரித் தளபதியின் மாளிகைக்குப் போகிறது."

தின்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும் என்று நொந்துகொண்டே எலி வெளியே வந்து பார்த்தது. பெட்டியின் மேல் ஓவியக்கூடத்தின் பழைய விலாசச் சீட்டு இருந்தது. அதன் மேலேயே தளபதியின் விலாசத்தை ஒட்டியிருந்தார்கள்.

எலி மேல் சீட்டைக் கொறித்துத் தின்றது. அடிச் சீட்டிலும் அதே மைதாப் பசை மணத்தது. பற்கள் கெஞ்சின. வாழ்நாளில் முதல் தடவையாக எலி பாதியில் நிறுத்தியது.

அப்போது காவல் பூனையின் பாதம் அதன் முதுகில் விழுந்தது.

"தளபதி பெயர் எங்கேடா, கிழவா?"

"வயிற்றில்."

"துப்பு. துப்பினால் உயிரோடு விட்டுவிடுகிறேன்."

"முடியாது. என்னைத் தின்றால் அது உன் வயிற்றுக்கு வரும். பெட்டிக்குத் திரும்பாது."

அதற்குள் வண்டி ஒரு சந்திப்பில் நின்றது. போர்ட்டர் ஒருவர் ஏறி வர, பூனை எலியை இழுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கியது. அவர் சீட்டைப் படித்தார்.

"ஓவியக்கூடமா? இதை யார் இந்த வண்டியில் ஏற்றினது?"

திட்டிக்கொண்டே பெட்டியைத் தோளில் ஏற்றி, எதிர்த்திசை வண்டிக்கு நடந்தார்.

அவர் மறையும்வரை பார்த்துவிட்டு எலி பூனையிடம் திரும்பியது.

"ம், இப்போது தின்னு."